கலோரிக் கணக்கும் தோட்டத்து உடலும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என நெடுங்காலம் வழங்கி, 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற ஊரை அடுத்துத் தென்னமரம் தோட்டம் உள்ளது. பெயர் தமிழ், அதனைத் தோற்றுவித்தவரோ பிரெஞ்சுக்காரர். ஆன்றி ஃபோக்கோனியே என்னும் அவர் 1917-ஆம் ஆண்டில் அங்குச் செம்பனையை வாணிக நோக்கில் பயிரிட்டார். இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் என்னும் சிறப்பு அதற்கே உரியது. தென்னையின் பெயரைத் தாங்கிய நிலத்தில் வேறொரு மரம் வேரூன்றிச் செழித்தது வேடிக்கையான செய்திதான். மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதிய நாவலுக்காக அவர் 1930-ஆம் ஆண்டில் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

செம்பனைக் குலை ஒன்றின் எடை 20 கிலோ எனக் கொண்டால், அதிலிருந்து ஆலையில் ஏறத்தாழ 4 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி வீதம் கணக்கிட்டால், அக்குலை ஒன்றில் 36,000 கலோரி அடங்கியுள்ளது. கடும் உழைப்பாளி ஒருவர் பதினொரு நாள் உயிர் வாழ்ந்து வேலை செய்வதற்குப் போதுமான வெப்பம் அது. (அன்றாட வழக்கில் கலோரி என்பது விஞ்ஞானிகள் கூறும் கிலோ கலோரியே ஆகும். இக்கட்டுரையிலும் அவ்வழக்கே பின்பற்றப்படுகிறது.) குலையின் கணக்கில் பெரும் பிழை நேர்வதில்லை. அது நிறுக்கப்படுகிறது, எண்ணெய் பிழியப்படுகிறது, எண்ணெயும் நிறுக்கப்படுகிறது. அக்குலையை அறுத்துச் சுமந்த மனிதனின் உடல் அன்றைக்கு எத்தனை கலோரியைச் செலவிட்டது என்னும் கணக்கோ, நூற்றாண்டுக்கு மேலாக ஊகத்தின் மீதே நிற்கிறது.

அவ்வூகம் இப்போது மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்துள்ளது. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று ரவாங்கிலும் கிள்ளானிலும் ஷா ஆலத்திலும் குடியேறி, நாடித் துடிப்பையும் நடையையும் எண்ணும் கைக்கடிகாரங்களை அணிந்துள்ளனர். மாலையில் அக்கருவி 2,340 என்றோ 2,615 என்றோ ஓர் எண்ணைக் காட்டுகிறது. ஒற்றை இலக்கம் வரை துல்லியமாகத் தோன்றும் அவ்வெண்ணைப் பலரும் நம்புகின்றனர், அதனை நம்பி உண்கின்றனர், உண்ணாமலும் இருக்கின்றனர். அவ்வெண்ணின் நம்பகத்தை ஆராயப் புகுவோர், அது எந்த உடல்களை அளந்து உருவாயிற்று என்று கேட்டாக வேண்டும். அக்கேள்வி தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை புதியதன்று.

உயிருள்ள உடலும் எரியும் விளக்கைப் போன்று வெப்பத்தை வெளியிடுகிறது என்பதை 1780-களில் பிரான்சு நாட்டு லவாசியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் கினிப்பன்றியை வைத்து மெய்ப்பித்தனர். உருகிய பனிக்கட்டியின் அளவே அவ்வுயிரின் வெப்பக் கணக்காயிற்று. அதே ஆய்வை மனிதனுக்கு விரித்தவர் அமெரிக்கரான வில்பர் அட்வாட்டர். 1890-களில் அவரும் அவர்தம் துணைவர்களும் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில் செம்புத் தகடு வேய்ந்த சிற்றறை ஒன்றை அமைத்து, அதனுள் ஆள்களை நாள்கணக்கில் தங்கச் செய்து, அவர்கள் விட்ட மூச்சையும் வெளிப்பட்ட வெப்பத்தையும் அளந்தனர். மாவுப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என இன்று ரொட்டிப் பொட்டலங்களிலும் பால்மாவுத் தகரங்களிலும் காணப்படும் கணக்கு, அவர்தம் உழைப்பின் பயனாகும். உண்ணும் உணவின் அளவு இவ்வாறு ஓரளவு உறுதிப்பட்டது. செலவழியும் ஆற்றலை அறியவோ, ஆளை அறைக்குள் அடைக்க வேண்டியிருந்தது. பால்மரக் காட்டில் நிரை பிடித்துச் செல்பவரை எந்த அறைக்குள் அடைப்பது?

கலோரி என்னும் சொல் மக்கள் வழக்குக்கு வருமுன்னரே, தமிழ் உழைப்பாளியின் வயிற்றை எடைக்கல்லால் அளக்கும் முயற்சி ஒன்று நடந்து முடிந்திருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, செலவைக் கட்டுப்படுத்துமாறு வைஸ்ராய் லிட்டன் பிரபுவால் அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலைத்தலங்களில் மண் சுமந்தும் கல் உடைத்தும் பாடுபட்டோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதும் என 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் வரையறுத்தார். ஒரு பவுண்டு அரிசி என்பது 454 கிராம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,600 கலோரி. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்னும் மருத்துவர் அதனை வன்மையாக எதிர்த்தார். வேலை செய்யும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமேனும் வேண்டும், பருப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். சில மாதங்களில் அவ்வளவு திருத்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் பலர்.

இவ்வழக்கில் டெம்பிளின் பிழை கூட்டல் கழித்தலில் நேர்ந்ததன்று. ஓய்ந்திருக்கும் உடல் உயிர் தரிக்கத் தேவையான அளவையும், மண் சுமக்கும் உடலுக்குத் தேவையான அளவையும் அவர் ஒன்றாகக் கொண்டார். அப்பஞ்சத்தில் ஊரைத் துறந்து கடல் கடந்தவர்களில் பெரும்பகுதியினர் இலங்கைக்குச் சென்றனர். அதே மாவட்டங்களிலிருந்து, ஒரு தலைமுறைக்குப் பின்னர், கங்காணிகள் வழியாக மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்கள் திரட்டப்பட்டனர். கோலசிலாங்கூர், ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் காடழித்துக் கித்தா மரம் நட்டவர்கள் அவர்களே.

இந்நாட்டில் உணவை அளப்பதன் குறைபாடு முதன்முதலாக வெளிப்பட்டது பெரிபெரி நோயின் வாயிலாகவே எனலாம். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கால் வீங்கி, மூச்சு முட்டி மாண்டனர். தமிழரிடையே அந்நோய் மிக அரிதாகக் காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அரிசியே எனக் கருதினார். சீனர் உண்டது ஆலையில் நன்கு தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல். 1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெச்சர் நடத்திய சோதனை ஐயத்தைப் பெரிதும் போக்கிற்று. பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. அவர்களுள் 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்ட 123 பேரில் நோய் இருந்தோர் இருவர் மட்டுமே. அவ்விருவரும் நோயுடனேயே மருத்துவமனைக்கு வந்தவர்கள். பின்னர், 1909-ஆம் ஆண்டளவில், ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலை அமைக்கும் தொழிலாளரிடையே ஆய்ந்து, தீட்டும்போது உமியோடு போய்விடும் தவிட்டில்தான் காக்கும் பொருள் உள்ளது என உறுதிப்படுத்தினர். அப்பொருளே உயிர்ச்சத்து பி1.

பச்சரிசியானாலும் புழுங்கலானாலும் ஒரு கிண்ணத்தின் கலோரி ஏறத்தாழ ஒன்றே. வெப்பக் கணக்கின்படி இருவகைத் தட்டுகளும் சமம். ஒன்றை உண்டவர் பிழைத்தார். மற்றொன்றை உண்டவர் மாண்டார். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் பழக்கத்தைத் தாயகத்திலிருந்து கொண்டுவந்த பாட்டிமார்கள் கலோரி என்னும் சொல்லைக் கேட்டறியாதவர்கள்.

அக்காலத்துத் தோட்டத்து உடலில் மற்றொரு செலவும் எழுதப்படாமலே இருந்தது. 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் பணிபுரிந்த மால்கம் வாட்சன், தோட்டத்துச் சாவுகளுக்கு மலேரியாவே தலையாய காரணம் எனக் கண்டு, சதுப்பு நிலங்களை வடிகாலிட்டு வெற்றி கண்டவர். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியசு ஏறும்போது உடலின் எரிப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுகிறது என்பது பின்னாளில் மருத்துவ உலகம் ஏற்ற கணக்கு. மூன்று டிகிரி காய்ச்சலுடன் லயத்தில் போர்த்திப் படுத்திருப்பவர் ஒரு வேலையும் செய்யாமலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக எரிக்கிறார். பெரட்டுக்கு வராதவர் என்று கிராணியின் ஏட்டில் அவர் பெயர் எதிரே குறியிடப்படும். அன்றைய கூலி இல்லை. உடல் மிகுதியாகச் செலவிட்ட நாளிலேயே வரவு அற்றுப்போயிற்று.

இந்திய அரசின் குடியேற்றச் சட்டம் 1922-ஆம் ஆண்டிலும், மலாயாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1923-ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்த பின்னர், தோட்டத் தமிழருக்கு நிலைக்கூலி ஒன்றை வகுக்கும் பொறுப்பு அரசுக்கு நேர்ந்தது. தொழிலாளி ஒருவரின் மாதச் செலவுப் பட்டியல் அதற்கு அடிப்படையாயிற்று. அரிசி இவ்வளவு, கறிச்சாமான் இவ்வளவு, துணி இவ்வளவு என்று வகுத்துக் கூட்டினர். சிலாங்கூர் போன்ற எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு; பகாங்கின் உட்பகுதிகளுக்கு 58, 46 காசு என 1927-ஆம் ஆண்டில் வரையறுத்தனர். ரப்பர் விலை சரிந்தபோது 1930-ஆம் ஆண்டில் அக்கூலி 40, 32 காசுகளாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னரும் சரிந்தது. விலைவாசி இறங்கிவிட்டது, ஆகவே பட்டியலின் கூட்டுத்தொகையும் இறங்கிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். 1938-ஆம் ஆண்டில் மீண்டும் கூலிக்குறைப்பு நேரவே, உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடைசெய்தது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வும் ஒன்று. அதன் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் மடிந்தன.

பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்கு என்னும் விகிதம் சற்றே ஊன்றி நோக்கத்தக்கது. பால்வெட்டில் ஆண் வெட்டிய அதே அளவு நிரையைப் பெண்ணும் வெட்டினாள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு ஓடியவளும் அவளே. அவ்வேலையெல்லாம் எப்பட்டியலிலும் இடம்பெறவில்லை.

கருவிகொண்டு ஊகித்தல் என்பதற்குத் தோட்டத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இருந்தது. அதுவே மெட்ரோலாக் எனப்பட்ட மிதவைக் கருவி. வாளியில் வந்த பால் கேலன் கணக்கில் அளக்கப்படும். பாலில் நீரும் கலந்திருப்பதால், உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதை அறிந்தால்தான் எடைக்கேற்ற கூலியைக் கணக்கிட இயலும். சிறிது பாலை நீர் கலந்து, அதனுள் கண்ணாடி அல்லது உலோகக் கருவியை மிதக்கவிட்டு, அது அமிழும் அளவைக் கொண்டு ரப்பரின் பங்கை ஊகிப்பர். ரப்பர் நீரினும் இலேசானது என்னும் ஒரே உண்மையின் மேல் கட்டப்பட்ட கணக்கு அது. பாலிலுள்ள பிற பொருள்களின் அளவு மாறினாலோ, வெப்பநிலை மாறினாலோ, நுரை ஒட்டினாலோ எண் பிசகும். சரியான முறை வேறொன்று உண்டு: சிறிதளவு பாலை நிறுத்து, உறையவைத்து, நன்கு உலர்த்தி மீண்டும் நிறுப்பது. அதற்குப் பொழுது வேண்டும். மிதவைக்கோ சில நொடிகள் போதும். வெட்டுமரத்துத் தொழிலாளிகள் அம்மிதவையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் இருந்தது.

இன்றைய கைக்கடிகாரமும் அத்தகைய மிதவையே. அது கலோரியை அளப்பதில்லை. வேறொன்றை அளந்து கலோரியை ஊகிக்கிறது. அவ்வூகத்துக்குரிய வாய்பாடுகள் உலகப் போருக்குப் பின்னர்ப் பெருகின. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் அளவுகோல் மனிதன் ஒருவனை அடிப்படையாகக் கொண்டது. அவனுக்கு வயது 25; எடை 65 கிலோ; ஆண்டுச் சராசரி வெப்பம் 10 டிகிரியாக உள்ள நாட்டில் வாழ்பவன்; நாளொன்றுக்கு அவன் தேவை 3,200 கலோரி. 55 கிலோ எடையுள்ள அளவுகோல் பெண்ணுக்கு 2,300. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் தேவையில் 5 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. சராசரி வெப்பம் 27 டிகிரியளவில் உள்ள கோலசிலாங்கூரில் வெயிலில் உழைப்பவருக்கு அவ்விதிப்படி 8 விழுக்காட்டுக்கு மேல் கழிவு. எடை குறைந்தவராயின் மேலும் கழிவு. வறுமையால் மெலிந்த உடலுக்கு, மெலிந்த காரணத்தாலேயே குறைவாகப் போதும் என்னும் முடிவுக்கு இது இட்டுச்செல்கிறது. 1973-இல் வெளிவந்த அடுத்த அறிக்கை, வெப்பநிலைக் கழிவுக்குப் போதிய அடிப்படை இல்லை எனக் கைவிட்டது.

ஓய்ந்திருக்கும் உடலின் எரிப்பை வயது, எடை, உயரம் ஆகியவற்றிலிருந்து கணிக்கும் சூத்திரங்களின் நிலையும் இத்தகையதே. நாள் முழுவதும் செலவாகும் ஆற்றலில் பெரும்பங்கு இவ்வடிப்படை எரிப்பே ஆதலின், இதில் பிழை நேர்ந்தால் மொத்தக் கணக்கும் பிழைபடும். 1919-ஆம் ஆண்டில் ஹாரிசும் பெனடிக்டும் வகுத்த புகழ்பெற்ற சூத்திரம் அமெரிக்காவில் அளக்கப்பட்ட 136 ஆண்களையும் 103 பெண்களையும் அடிப்படையாகக் கொண்டது. 1985-ஆம் ஆண்டில் உலக நிறுவனங்கள் ஏற்ற ஸ்கோஃபீல்டு சூத்திரங்களுக்கு ஆயிரக்கணக்கானோரின் அளவைகள் சேர்க்கப்பட்டன எனினும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தாலியர். வெப்பமண்டல மக்களின் அளவைகள் மிகக் குறைவு.

இச்சூத்திரம் மலேசியருக்குப் பொருந்துமா என்பதை இந்நாட்டு அறிஞர்களே சோதித்தனர். இஸ்மாயில் முகமது நூரும் உடனாய்வாளரும் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அச்சூத்திரம் மலேசிய ஆண்களின் அடிப்படை எரிப்பைச் சராசரியாக 13 விழுக்காடும், பெண்களுடையதை 9 விழுக்காடும் மிகுத்துக் காட்டிற்று. ஓய்வில் உண்மையாக 1,400 கலோரி எரிக்கும் ஆண் ஒருவருக்கு அச்சூத்திரம் 1,580 என்று சொல்லும். இடைவெளி 180 கலோரி. ஏறத்தாழ ஒரு கிண்ணச் சோறு. நாள்தோறும் ஒரு கிண்ணம். இக்குறை கண்டே அவ்வாய்வாளர்கள் மலேசியருக்கெனப் புதிய சூத்திரங்களை வகுத்தளித்தனர். நம் நாட்டு அறிவியல் வரலாற்றில் இப்பணி உரிய அளவு பேசப்படவில்லை.

உலவும் மனிதனின் செலவைச் செப்பமாக அறியும் வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் நேதன் லிஃப்சன் 1955-ஆம் ஆண்டில் எலிகளில் மெய்ப்பித்து, 1982-ஆம் ஆண்டளவில் மனிதருக்கு விரிக்கப்பட்ட முறை அது. எடை மிகுந்த ஹைட்ரஜனும் எடை மிகுந்த ஆக்சிஜனும் சேர்ந்த நீரைக் குடிக்கச் செய்வர். அந்த ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். சில நாள் சிறுநீரைச் சோதித்து இரண்டின் வேறுபாட்டைக் கண்டால், விட்ட மூச்சின் அளவும், அதனின்று எரிந்த ஆற்றலும் சில விழுக்காட்டுப் பிழைக்குள் புலப்படும். ஆள் வழக்கம்போல் வேலைக்குச் செல்லலாம். பால்மரக் காட்டுக்கும் போகலாம். செலவு மிகுதி என்பதால் இம்முறை ஆய்வுக்கூடங்களை விட்டு மிகுதியாக வெளிவரவில்லை. மக்கள் கைக்கு வந்தவை எளிய கருவிகளே. அவற்றுக்கு முன்னோடியான நடைமானியை 1965-ஆம் ஆண்டில் சப்பானிய நிறுவனம் ஒன்று ‘பத்தாயிர அடி’ எனப் பொருள்படும் பெயரில் விற்பனைக்கு விட்டது. நாளுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று இன்று வேதவாக்குப்போல் ஓதப்படும் எண்ணுக்கு மூலம் அந்த விற்பனைப் பெயரே ஆகும்.

இப்போதைய கைக்கடிகாரத்தினுள் அசைவை உணரும் முடுக்கமானியும், தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் நாடியை எண்ணும் ஒளியுணரியும் உள்ளன. இவ்விரண்டுடன் வயது, எடை, உயரம், பால் ஆகியவற்றைக் கூட்டி, நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடாத சூத்திரங்களால் கலோரி கணிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டில் ஏழு கருவிகளை அறுபது பேர் கையில் அணிவித்து, மூச்சை அளக்கும் செப்பமான கருவிகளோடு ஒப்பிட்டனர். நாடிக் கணக்கில் ஏழில் ஆறு கருவிகள் 5 விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையே காட்டின, பாராட்டத்தக்க செய்தி. கலோரிக் கணக்கில் அனைத்தினும் சிறந்த கருவியே 27 விழுக்காடு பிழைத்தது. கடைசிக் கருவியின் பிழை 93 விழுக்காடு. கருநிறத் தோலினரிடமும் உடல் பருத்தோரிடமும் ஆண்களிடமும் பிழை மிகுந்தது என்றும் அவ்வாய்வு குறித்தது. தோல் நிறத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் செய்த ஆய்வு நாடிக் கணக்கில் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே அது முடிந்த முடிவன்று. கலோரியின் நிலை அவ்வாறு ஐயத்துக்கு இடமாக இல்லை.

அக்கருவியைத் தென்னமரம் போன்ற தோட்டத்தில் இன்று செம்பனை அறுப்பவர் அணிந்தால் நேர்வதை எண்ணிப் பார்க்கலாம். இன்று அப்பணியில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் பிற நாட்டவருமே உள்ளனர். உயர்ந்த மரத்தின் அடியில் நின்று, நெடுங்கழியை இரு கைகளாலும் அண்ணாந்து பிடித்து, குலைக்காம்பை அரிவாளால் இழுப்பர். தோளும் முதுகும் இறுகி உழைக்கும் அவ்வேளையில் கால்கள் நகர்வதில்லை. கருவி அடிகளை எண்ணுவதில்லை. விழுந்த குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளும்போது கைகள் பிடியிலேயே பதிந்திருப்பதால் மணிக்கட்டு வீசுவதில்லை. நடையும் குறைவாகவே பதிவாகும். வண்டியில் இருப்பது 20 கிலோவா 150 கிலோவா என்பதைக் கருவி அறியாது. பால்வெட்டும் அத்தகையதே. மரத்துக்கு மரம் சில அடி நடை. பின்னர்க் குனிந்து, உளியைப் பட்டையில் நிதானமாக இழுக்கும் நுண்ணிய அசைவு. மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் திரட்டிச் சுமக்கும்போதும் சுமையின் எடை கணக்கில் வாராது.

இவை குறைத்துக் காட்டும் பிழைகள். வெயிலோ எதிர்த்திசையில் பிழை செய்யும். வெப்பம் மிகும்போது உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் பாய்ச்ச வேண்டியிருப்பதால், நாடி விரைகிறது. அதற்கேற்ப எரிப்பு கூடுவதில்லை. நாடியைக் கண்டு கலோரியை ஊகிக்கும் கருவி, வெயிலில் நிற்பதையே உழைப்பாகக் கருதிவிடும். அச்சம், காய்ச்சல், கடுங்காப்பி ஆகியவையும் நாடியை உயர்த்துபவையே. ஒரே நாளில் ஒரே கையில் இவ்விருவகைப் பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மாலையில் காட்டப்படும் எண் தற்செயலாகச் சரியாகவும் இருக்கக்கூடும். மெட்ரோலாக்கும் சில நாள் சரியாகவே காட்டிற்று.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தோர்க்கு இப்பிழையின் விளைவு வேறு வகையானது. பாட்டனார்க்கு உணவு பற்றாமை. பேரனுக்கு உணவு மிகுதி. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டு மக்களில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. இவர்களுள் எடையைக் குறைக்க முற்பட்டோர் பலர், மாலை நடைக்குப் பின்னர்க் கருவி காட்டும் எண்ணுக்கு ஈடாக உண்ணலாம் எனக் கருதுகின்றனர். கருவி 500 கலோரி எனக் காட்ட, அது 27 விழுக்காடு மிகுத்துக் காட்டியிருப்பின் உண்மை 400-க்கும் குறைவு. 93 விழுக்காடு மிகுத்திருப்பின் 260 அளவே. ரொட்டிச் சானாய் ஒன்றில் 300 கலோரி உள்ளது. நடந்து முடித்து, ஈடு செய்வதாக எண்ணி இரண்டு ரொட்டி உண்டவர், நடவாதிருந்து உண்ணாதிருந்தவரினும் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டவர் ஆகிறார். அடிப்படை எரிப்பில் ஏற்கெனவே ஒரு கிண்ணச் சோறு மிகுத்துக் கணக்கிடப்பட்டிருக்குமாயின், அது வேறு.

அக்கருவியில் பயன்கொள்ளத்தக்கவை உண்டு. நாடித் துடிப்பின் எண்ணிக்கை பெரும்பாலும் நம்பத்தக்கது. ஒரே மனிதர், ஒரே கருவியை, ஒரே கையில் இறுக அணிந்து, சென்ற வாரத்து நடையையும் இவ்வார நடையையும் ஒப்பிட்டால் கூடுதலா குறைவா என்பது தெரியும். இரு வேறு மனிதரின் கலோரி எண்களை ஒப்பிடுவது பொருந்தாது. உண்ணும் அளவை முடிவு செய்ய நிறைகோலும் இடுப்பளவு நாடாவும் அரசு மருந்தகத்து இரத்தச் சோதனையும் உள்ளன. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அச்சோதனை, கோலசிலாங்கூர் மாவட்டத்து மருந்தகங்களிலும் செய்யப்படுகிறது.